கல்லறைத் தோட்டத்தைக் காலத்துக்கும் பராமரிக்க நிதி திரட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒரு முறைதான் விற்பனையாகிறது. புல்லோ ஒவ்வொரு மழைக்கும் வளர்கிறது. இடங்கள் விற்றுக்கொண்டிருக்கும் வரை அந்தப் பணத்தில் கூலி கொடுத்துச் சமாளித்துவிடலாம். கடைசி இடமும் விற்ற பிறகு வரவு நின்றுவிடும், செலவு நிற்காது. கைவிடப்பட்டுக் கிடக்கும் பெரும்பாலான தோட்டங்களின் கதை இதுதான். லண்டனில் 1839இல் திறக்கப்பட்ட ஹைகேட் கல்லறைத் தோட்டம் ஒரு காலத்தில் நல்ல லாபம் பார்த்தது. இடங்கள் நிரம்பி வரவு வற்றியதும் அதை நடத்திய நிறுவனத்தால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தோட்டம் காடாகிப்போனது. 1975இல் தன்னார்வலர்கள் சங்கம் அமைத்து அதை மீட்கத் தொடங்கினார்கள். எல்லாத் தோட்டத்துக்கும் அப்படி ஒரு சங்கம் வாய்த்துவிடாது.

ஆகவே இலக்கு ஒன்றே ஒன்று: கடைசி இடம் விற்கும் நாளில், முதலைத் தொடாமல் அதில் வரும் வருமானத்தை மட்டும் வைத்தே ஆண்டுச் செலவைத் தாங்கும் அளவுக்கு ஒரு மூலநிதி கையில் இருக்க வேண்டும். அதை நோக்கிப் போகும் வழியைக் கீழே படிப்படியாகத் தந்திருக்கிறோம். தோட்டத்தை நிர்வகிப்பவர்களுக்காகவே இதன் பெரும்பகுதி. ஒரே ஒரு கல்லறைக்கு ஏற்பாடு செய்ய நினைக்கும் குடும்பங்கள் 7ஆம் படிக்கு நேராகப் போகலாம்.

படி 1: நிதி எதற்கு, எதற்கு இல்லை என்று முதலில் எழுதுங்கள்

"நிரந்தரப் பராமரிப்பு" என்று ரசீதில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, அதற்குப் பொருள் என்ன என்று எங்கும் எழுதாமல் விடுவதுதான் பின்னால் வரும் சண்டைகளுக்கெல்லாம் விதை. தன் தந்தையின் கல்லைக் கழுவித் துடைப்பார்கள் என்று குடும்பம் நினைத்திருக்கும். நடைபாதையில் புல் வெட்டுவதையே நிர்வாகம் மனதில் வைத்திருக்கும்.

செலவுகளை மூன்றாகப் பிரியுங்கள். பொதுப் பராமரிப்பு என்பது புல் வெட்டுதல், மரங்கள், வடிகால், குப்பை, பதிவேடு, காவல். பெருஞ்செலவு என்பது சுற்றுச்சுவர், பாதை, கதவு, தண்ணீர்க் குழாய் போன்று பல ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவது. மூன்றாவது, தனிக் கல்லறைப் பராமரிப்பு: கல்லைச் சுத்தம் செய்வது, எழுத்துக்கு மை தீட்டுவது, பூச்செடி வைப்பது. பொதுநிதி முதல் இரண்டை மட்டும் ஏற்க வேண்டும். மூன்றாவதற்குத் தனி ஒப்பந்தம், தனிக் கணக்கு. நினைவுக்கல் குடும்பத்தின் உடைமையா, தோட்டத்தினுடையதா என்பதையும் விற்பனைப் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். கல் சாய்ந்து யாருக்காவது அடிபட்டால் முதலில் எழும் கேள்வி அதுதான்.

படி 2: இருப்பதை அளந்து எண்ணுங்கள்

வரைபடமும் பதிவேடும் ஒத்துப்போகாத தோட்டங்கள் நிறைய. ஒவ்வொரு வரிசைக்கும் எழுத்து, ஒவ்வொரு கல்லறைக்கும் எண் கொடுத்து, நடந்தே சரிபாருங்கள். அடக்கமானது, விற்றுக் காலியாக இருப்பது, விற்காதது என மூன்று எண்ணிக்கை கிடைக்க வேண்டும். விற்காதது என்று வரைபடம் காட்டும் இடத்தில் பழைய அடக்கம் இருப்பது அரிதில்லை. அதை வரவுக் கணக்கில் சேர்த்துவிட்டால் திட்டம் முழுதும் பொய்த்துப்போகும்.

கல்லின் நிலையையும் இதே சுற்றில் குறியுங்கள். கல்லின் பக்கவாட்டில் நின்று, விரித்த உள்ளங்கையை மேல் விளிம்பில் வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். கல் விழக்கூடிய திசையில் யாரும் நிற்கக் கூடாது. அசையாதது, அசைவது, விழும் நிலையில் இருப்பது என மூன்று தரம் போதும். விழும் நிலையில் இருப்பதை அன்றே கயிறு கட்டி அடைத்து, குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். குழந்தைகள் பிடித்து ஏறுவது இந்தக் கற்களில்தான்.

குழிந்த கல்லறைகளையும் எண்ணுங்கள். பெட்டி உளுத்து உள்ளே சரியும்போது மேல்மண் இறங்கும். 2 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் பள்ளம் என்றால் 0.225 கன மீட்டர் மண் வேண்டும். இப்படி 40 இருந்தால் 9 கன மீட்டர். மண்ணை ஒரே தடவையில் கொட்டாமல் அடுக்கடுக்காகப் போட்டு மிதித்து, சற்று மேடாகவே விட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கே மீண்டும் பள்ளம் விழும். புதிய அடக்கத்தில் 6 முதல் 12 மாதம் மண் இறங்க விட்டு, அதன் பிறகே கல் நட அனுமதியுங்கள். இந்த ஒரு விதியே பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான கற்கள் சாய்வதைத் தடுக்கும்.

படி 3: உண்மையான ஆண்டுச் செலவு

போன வருடம் செலவானதை எடுத்துப் போட்டால் கணக்கு தப்பும். பணம் இல்லாததால் செய்யாமல் விட்ட வேலைகள் அதில் இருக்காது. வேலையிலிருந்து தொடங்குங்கள். ஒரு வரிசையில் புல் வெட்ட ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறியுங்கள்.

1,500 கல்லறைகள் உள்ள ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். கல்லறைக்கு 4 நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 100 மணி. ஆண்டுக்கு 8 சுற்று, 800 மணி. மரம், வடிகால், பள்ளம் நிரப்புதல் இன்னொரு 200 மணி. மொத்தம் 1,000 மணி. மணிக்கூலி 160 என்றால் 1,60,000. எந்த நாணயமானாலும் கணக்குப் போடும் முறை இதுதான்.

பெருஞ்செலவை அதன் ஆயுளால் வகுங்கள். சுவரைப் புதுப்பிக்க 12,00,000, ஆயுள் 40 ஆண்டு என்றால் ஆண்டுக்கு 30,000. பாதைக்கு 5,00,000, 20 ஆண்டு என்றால் 25,000. வடிகாலுக்கு 15,000, கருவிகளுக்கும் கொட்டகைக்கும் 10,000. ஆக 80,000. செலவே இல்லாத ஆண்டிலும் இந்தத் தொகையை ஒதுக்கித் தனியே வைக்க வேண்டும். இந்த வரியை மறப்பதால்தான் புல் ஒழுங்காக வெட்டப்பட்ட தோட்டத்தில்கூடச் சுவர் இடிந்து கிடக்கிறது.

கற்களை 5 ஆண்டுச் சுழற்சியில் சோதித்தால் ஆண்டுக்கு 300 கல். அதற்கும் அவசரப் பழுதுக்கும் 30,000. பதிவேடு, காப்பீடு, தணிக்கைக்கு இன்னொரு 30,000. ஆண்டுச் செலவு மொத்தம் 3,00,000.

படி 4: மூலநிதி எவ்வளவு வேண்டும்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. வைப்புநிதிக்கு 7 சதவீத வட்டி கிடைக்கிறது, 3,00,000ஐ 0.07ஆல் வகுத்தால் சுமார் 43 லட்சம் போதும் என்று போட்டுவிடுகிறார்கள். முதல் ஆண்டு சரியாகத்தான் இருக்கும். கூலியும் சிமெண்டும் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் இரண்டாம் ஆண்டே 3,15,000 வேண்டும். வட்டி போதாமல் மூலத்தில் கை வைக்க நேரும். மூலம் குறைந்தால் வட்டி குறையும், அடுத்த ஆண்டு இன்னும் ஆழமாகக் கை வைக்க வேண்டியிருக்கும். இந்தக் கணக்கின்படி 18ஆம் ஆண்டில் நிதி காலி.

சரியான வகுஎண், வட்டியிலிருந்து செலவு ஏறும் வீதத்தையும் நிதி நிர்வாகச் செலவையும் கழித்த மிச்சம். அந்த மிச்சம் 4 சதவீதம் என்றால் ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு வேண்டும். 3 என்றால் 33 மடங்கு. 2 என்றால் 50 மடங்கு. தோட்ட வேலை பெரும்பாலும் கூலி சார்ந்தது. நீண்ட காலத்தில் கூலி பொதுவான விலைவாசியைவிட வேகமாக ஏறுவதே வழக்கம். ஆகவே 2 சதவீதத்தை வைத்துப் போடுவதே விவேகம் என்பது எங்கள் கருத்து. நம் தோட்டத்துக்கு 3,00,000 × 50 = 1,50,00,000. கல்லறை ஒன்றுக்கு 10,000.

இந்த எண்ணைப் பார்த்து மலைத்து, 5 சதவீதம் என்று எழுதித் தொகையைச் சுருக்கும் ஆசை வரும். செலவைக் குறைக்கும் வழி தேடுங்கள், வீதத்தை ஏமாற்றாதீர்கள். கல்லறைகளைச் சுற்றி எழுப்பிய விளிம்புக் கற்களை எடுத்துத் தரையைச் சமமாக்கினால் தள்ளும் இயந்திரத்தால் வெட்டலாம், நேரம் நன்றாகக் குறையும். குடும்பங்களின் சம்மதம் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. பழைய பகுதிகளில் ஆண்டுக்கு இரண்டே முறை வெட்டி, நடைபாதையை மட்டும் சுத்தமாக வைத்திருப்பதும் நல்ல ஏற்பாடே.

படி 5: பணம் வரும் வழிகள்

முதல் வழி, இட விற்பனையில் ஒரு பங்கு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் விலையில் குறைந்தது 10 சதவீதம் பராமரிப்பு நிதிக்குப் போக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மண்ணில் புதைக்கும் இடத்துக்கு அது 40 சதவீதம். இரண்டுக்கும் உள்ள தூரத்தை யோசித்துப் பாருங்கள். 50,000க்கு விற்ற இடத்தில் 10 சதவீதம் என்றால் 5,000. 2 சதவீதத்தில் ஆண்டுக்கு 100 கிடைக்கும். நம் தோட்டத்தில் ஒரு கல்லறைக்கு ஆண்டுக்கு 200 செலவு. சட்டம் சொல்வது குறைந்த அளவுதான். உங்கள் கணக்கு கேட்பதை எடுத்து வையுங்கள்.

இனி, பழைய சுமை. 1,500இல் 1,100 ஏற்கெனவே விற்றாயிற்று, அவற்றுக்கு எதுவும் ஒதுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மீதி 400க்குத் தலா 10,000 வாங்கினால் 40 லட்சம்தான் சேரும். 1,10,00,000 துண்டு விழும். ஆண்டுக்கு 20 இடம் வீதம் 20 ஆண்டில் 400ஐயும் விற்று, அதுவரை நிதியிலிருந்து ஒரு காசும் எடுக்காமல் 2 சதவீத மெய்வருமானத்தில் (அதாவது 4ஆம் படியில் சொன்ன, செலவு ஏற்றத்தைக் கழித்த மிச்சத்தில்) வளரவிட்டால், இடத்துக்குச் சுமார் 31,000 ஒதுக்கினால் இலக்கை எட்டலாம். இது இன்றைய விலையில் சொன்ன கணக்கு. ஒவ்வோர் ஆண்டும் விலைவாசிக்கேற்ப அந்தத் தொகையை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். முந்தியவர்களின் பாரத்தையும் புதியவர்கள் தலையில் வைப்பது நியாயமா என்ற கேள்வி எழும். முழுவதையும் அவர்கள் மேல் ஏற்றாமல் கீழுள்ள வழிகளால் பகிர்ந்துகொள்வதே சரி.

ஏற்கெனவே இடம் வைத்திருக்கும் குடும்பங்களிடம் ஒவ்வொரு புதிய அடக்கத்தின்போதும், கல் நட அனுமதி வாங்கும்போதும் நிதிக்கென ஒரு கட்டணம் வாங்கலாம். ஆண்டுச் சந்தா கேட்கலாம். ஆனால் அதை நம்பிச் செலவைத் திட்டமிடாதீர்கள். பிள்ளைகள் காலத்தில் குறையும், பேரப்பிள்ளைகள் காலத்தில் முகவரியே இருக்காது. அஸ்தி வைக்கும் மாடச்சுவர் கட்டுவது நிரம்பிய தோட்டத்துக்கு நல்ல வழி. சில சதுர மீட்டரில் நூறு மாடங்கள் அமையும், பராமரிப்பும் சொற்பம். அதில் வரும் பணத்தில் பெரும்பங்கை மூலநிதிக்கே ஒதுக்குங்கள். உயிலில் எழுதி வைக்க ஊக்குவிப்பதும் பலன் தரும். உயிலில் எழுத வேண்டிய சரியான பெயரையும் வாசகத்தையும் அச்சடித்து அலுவலகத்தில் வையுங்கள். "கல்லறைக்குக் கொடுங்கள்" என்று மொட்டையாக எழுதிய உயில்கள் சிக்கலில் மாட்டிக்கொள்ளும்.

பங்கீடு எப்படி நிலைக்கும் என்பதற்கு காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் நல்ல சான்று. 1917இல் அரச சாசனத்தால் தொடங்கிய அது, உறுப்பு நாடுகள் தத்தம் வீரர்களின் கல்லறை எண்ணிக்கைக்கு ஏற்பச் செலவைப் பகிரும் ஏற்பாட்டில் இன்றும் நடக்கிறது. பிரிட்டன் மட்டும் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தருகிறது. பதவி வேறுபாடு பார்க்காமல் ஒரே அளவுக் கற்கள் என்பதால் செலவை முன்கூட்டியே கணிப்பதும் எளிது. பல சபைகளோ ஊர்களோ சேர்ந்து ஒரு தோட்டத்தைப் பயன்படுத்தும்போது, எண்ணிக்கைக்கு ஏற்ற பங்கு என்ற விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

படி 6: பணத்தைப் பூட்டி வையுங்கள்

மூலநிதி நடப்புக் கணக்கில் கிடந்தால் கரைந்துவிடும். அவசரம் என்று யாராவது எடுப்பார்கள், திருப்பி வைக்க மாட்டார்கள். தனி அறக்கட்டளை, தனி வங்கிக் கணக்கு, குறைந்தது இருவர் கையெழுத்து, வெளித் தணிக்கையாளர். பத்திரத்தில் இவை கட்டாயம் இருக்கட்டும்: மூலத்தை எடுக்கக் கூடாது; தோட்டத்தை நடத்தும் அமைப்புக்கோ அறங்காவலர்களுக்கோ கடன் தரக் கூடாது; நடத்தும் அமைப்பு கலைந்தால் நிதி யாருக்குப் போகும், எந்த நிபந்தனையோடு போகும். கடைசி வாசகம் இல்லாததால் நிதி ஓரிடமும் கல்லறை ஓரிடமும் என்று பிரிந்துபோவதுண்டு.

ஆண்டுக்கு எடுக்கும் தொகையைக் கடந்த மூன்று ஆண்டு இறுதி மதிப்புகளின் சராசரியில் குறியுங்கள். 140, 155, 146 லட்சம் என்றால் சராசரி 147. அதில் 2 சதவீதம் 2.94 லட்சம். சந்தை ஏறிய ஆண்டில் ஊதாரித்தனமும் இறங்கிய ஆண்டில் ஆட்குறைப்பும் வராது. முழு வட்டியையும் செலவழிப்பதுதான் பரவலான தவறு. வட்டியில் விலைவாசிக்குச் சமமான பகுதி மூலத்துக்கே திரும்ப வேண்டும். முதலீட்டில் எல்லாவற்றையும் நிலையான வட்டியில் போட்டால் விலைவாசி தின்றுவிடும், எல்லாவற்றையும் பங்குகளில் போட்டால் ஒரு மோசமான ஆண்டு மூலத்தையே ஆட்டிவைக்கும். சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள் கலந்து வையுங்கள். மூன்று ஆண்டுச் செலவை மட்டும் உடனே எடுக்கக்கூடிய வைப்பில் வைத்திருங்கள்.

படி 7: ஒரு குடும்பம், ஒரு கல்லறை

"என் கல்லறையை என்றென்றும் பார்த்துக்கொள்ள இந்தப் பணம்" என்று உயில் எழுதுவதற்கு முன் சட்டத்தைக் கேளுங்கள். ஆங்கிலப் பொதுச்சட்ட மரபில், தனி ஒருவர் கல்லறைக்கான அறக்கட்டளை தரும காரியமாகக் கருதப்படுவதில்லை, காலவரம்பின்றி நீடிக்கவும் முடியாது. 1932இல் வந்த ஹூப்பர் வழக்குத் தீர்ப்பு அதை 21 ஆண்டுக்கு மட்டுமே செல்லும் என்றது. முழுத் தோட்டத்தின் பராமரிப்புக்குத் தருவது வேறு வகை, அது நீடிக்கும். இங்கிலாந்தில் 1970ஆம் ஆண்டுச் சட்டம், கல்லறைத் தோட்டங்களை நடத்தும் அமைப்புகள் 99 ஆண்டு வரை தனிக் கல்லறைக்கு ஒப்பந்தம் செய்ய வழிவிட்டது. உங்கள் நாட்டில் என்ன நிலை என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

கால ஒப்பந்தத்துக்குத் தொகை இப்படி வரும். 2 சதவீத மெய்வருமானத்தில் 25 ஆண்டுக்கு ஆண்டுச் செலவைப் போல் 19.5 மடங்கு, 50 ஆண்டுக்கு 31.4, 99 ஆண்டுக்கு 43. என்றென்றைக்கும் என்றால் 50. நூறாண்டுக்கும் நிரந்தரத்துக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. எவராவது 10 மடங்குக்கு "நிரந்தரம்" என்று விற்றால் கணக்கைக் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் "நன்கு பராமரிக்கப்படும்" என்ற வாசகத்தை ஏற்காதீர்கள். எந்த வேலை, ஆண்டுக்கு எத்தனை முறை, எந்த மாதங்களில், தேதியிட்ட புகைப்படம் யாருக்கு அனுப்பப்படும் என்று எழுதி வாங்குங்கள். ஜெர்மனியில் நீண்டகாலக் கல்லறைப் பராமரிப்புக்குக் கொடுக்கும் பணம் தோட்டக்காரர் கைக்கு நேரே போகாமல் ஒரு பொறுப்பு அமைப்பிடம் இருக்கும். வேலையைச் சோதித்துப் பார்த்து ஆண்டுதோறும் அவருக்குக் கொடுப்பார்கள். வேலை செய்பவர் கடையை மூடினாலும் பணம் பிழைக்கும் என்பதால் இந்த முறையைக் கேட்டு வாங்குவது நல்லது. அடக்க உரிமையின் காலத்தையும், அதாவது அந்த இடம் எத்தனை ஆண்டுக்கு உங்களுடையது என்பதையும் பாருங்கள். உரிமை 30 ஆண்டு, பராமரிப்பு 50 ஆண்டு என்றால் மிச்ச 20 ஆண்டுப் பணம் வீண்.

கல்லுக்கு எதைச் செய்யக் கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அமிலம், பிளீச்சிங் தூள், இரும்புத் தூரிகை, உயர் அழுத்த நீர் கூடாது. தண்ணீரும் மென்மையான நைலான் தூரிகையும் போதும். கம்பி சுழலும் புல்வெட்டியைக் கல்லை ஒட்டிப் பிடித்தால் மென்மையான பளிங்கின் அடியில் ஆண்டுக்கு ஆண்டு ஒரு பள்ளம் ஆழமாகும். கல்லைச் சுற்றி 15 சென்டிமீட்டருக்குக் கையால் களையெடுக்கச் சொல்லுங்கள். பழைய மென்கல்லில் விரிசலைச் சிமெண்டால் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லே செதிலாக உதிரும். அதற்குச் சுண்ணாம்புச் சாந்துதான்.

படி 8: நிதியே இல்லாத பழைய தோட்டம்

விற்க இடமும் இல்லை, நிதியும் இல்லை என்றால் முதல் வேலை உடைமை யாருடையது என்று ஆவணத்தில் உறுதி செய்வது. அது தெரியாமல் வசூலில் இறங்காதீர்கள். அடுத்து ஒவ்வொரு கல்லையும் புகைப்படம் எடுத்து எழுத்துகளைப் படியெடுங்கள். பணம் வருவதற்குள் அழிந்துவிடக்கூடியது அதுதான், அதற்குச் செலவும் அதிகமில்லை. அந்தப் பெயர்ப் பட்டியலே தூரத்தில் இருக்கும் வாரிசுகளைக் கொண்டுவந்து சேர்க்கும், அவர்களே முதல் நன்கொடையாளர்கள்.

மூன்றாவதாக ஆபத்தை மட்டும் நீக்குங்கள். விழும் நிலையில் இருக்கும் கல்லை நிமிர்த்தப் பணம் இல்லாவிட்டால், எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி அந்தந்தக் கல்லறை மேலேயே படுக்க வையுங்கள். ஓரத்தில் கொண்டுபோய்ச் சாத்தி வைத்தால் எது யாருடையது என்பது ஒரு தலைமுறைக்குள் மறந்துபோகும். புதரை வேரோடு பிடுங்க வேண்டாம், கல்லும் சேர்ந்து வரும். தரைமட்டத்தில் வெட்டி விடுங்கள்.

முதல் ஆண்டிலிருந்தே நன்கொடையில் பாதியை மூலநிதியில் போடுங்கள். சிரமதானத்தில் ஒரே நாளில் தோட்டம் பளிச்சென்று ஆகி, பணம் முழுவதும் தீர்ந்து, ஆறாம் மாதம் மீண்டும் புதராக நிற்பதைப் பார்க்கும் நன்கொடையாளர் மறுபடி தரமாட்டார். சிறிய பகுதியை எடுத்துக்கொண்டு அதை விடாமல் பராமரித்துக் காட்டுங்கள்.

படி 9: ஆண்டுக்கு ஒரு நாள், ஐந்தாண்டுக்கு ஒரு கணக்கு

ஆண்டுதோறும் வரவு, செலவு, மூலநிதியின் மதிப்பு, விற்காத இடங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை 3ஆம், 4ஆம் படிகளைப் புதிய கூலியோடு மறுபடி போடுங்கள். இலக்குக்குக் கீழே இருந்தால் விற்காத இடங்களின் விலையை அந்த ஆண்டே ஏற்ற வேண்டும். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று விட்டால் ஏற்றுவதற்கு இடமே மிஞ்சியிருக்காது. பத்திரம், வரைபடம், பதிவேட்டின் நகல், வங்கி விவரம், ஒப்பந்தப் பட்டியல் அடங்கிய கோப்பு இரண்டு பிரதிகளாக வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். அறங்காவலர் மாறும் நாளில் பழையவரும் புதியவரும் அந்தக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தை ஒரு முறை சுற்றிவந்து, இருவரும் கையெழுத்திட வேண்டும்.